ரிச்மண்ட் 2014: 30 லட்சம் டாலர் தோற்ற நகர மன்றத் தேர்தல்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ரிச்மண்ட். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். 2014 நவம்பர் 4 அன்று அங்கே நடந்த நகர மன்றத் தேர்தலுக்காகச் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் சுமார் 30 லட்சம் டாலரை இறக்கியது. கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினால்கூடத் தலைக்கு 28 டாலர் வரும். செவ்ரான் ஆதரித்த மேயர் வேட்பாளர் தோற்றார். அது முன்னிறுத்திய மூன்று மன்ற வேட்பாளர்களும் தோற்றார்கள். நிறுவனங்களிடம் ஒரு காசும் வாங்க மாட்டோம் என்று சொல்லி நின்ற மூன்று ஊர்க்காரர்கள் மன்றத்துக்குள் போனார்கள்.

பணத்தை மக்கள் வென்றார்கள் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். அது சரிதான், ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டால் இந்த நிகழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஏனென்றால் அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னால், 2012 நவம்பரில், அதே ஊரில் அதே நிறுவனத்தின் பணம் வென்றிருந்தது. சுமார் 12 லட்சம் டாலர் செலவில் செவ்ரான் ஆதரித்த நேட் பேட்ஸ், கேரி பெல் இருவரும் வென்றார்கள். ஊர்க்காரர்களின் அமைப்பு நிறுத்திய இருவரும் தோற்றார்கள். 2012-க்கும் 2014-க்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

ஊரைவிட மூத்த ஆலை

ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் அங்கே சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது 1902-இல். ரிச்மண்ட் நகராட்சியாக உருவானது 1905-இல். அந்த ஆலைதான் இன்றைய செவ்ரான் ஆலை. ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் பீப்பாய் அளவுக்குக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கக்கூடியது. நகரின் வரி வருவாயில் கணிசமான பங்கு அதிலிருந்துதான். ஆலைக்கும் நகர மன்றத்துக்கும் நூறு ஆண்டு உறவு. ஆலை கேட்டதை மன்றம் மறுத்த தருணங்கள் அரிது.

இரண்டாம் உலகப் போரில் கைசர் கப்பல் கட்டும் தளங்கள் வந்தன. அங்கே 747 கப்பல்கள் கட்டப்பட்டன. 23,000 பேர் இருந்த ஊர் சில ஆண்டுகளில் லட்சத்தைத் தொட்டது. லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சா மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். போர் முடிந்ததும் தளங்கள் மூடப்பட்டன, வேலை போனது, ஆட்கள் மட்டும் தங்கினார்கள். பின்னாளில் லத்தீன் அமெரிக்கர்களும் லாவோஸ் அகதிகளும் வந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் சுமார் 40 சதவீதம் பேர் லத்தீன் அமெரிக்க வழியினர், கால்பங்குக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர். வறுமையும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்து ஊரின் பெயரைக் கெடுத்திருந்தன. 2009-இல் மட்டும் 47 கொலைகள்.

லாவோஸ் மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1999-இல் ஆலையில் ஒரு வெடிப்பு நடந்தபோது எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. ஆலையை ஒட்டி வாழ்ந்த லாவோஸ் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தக் குடும்பங்களின் இளம்பெண்கள் அமைப்பாகச் சேர்ந்து, பல மொழிகளில் தொலைபேசி எச்சரிக்கை வேண்டும் என்று போராடிப் பெற்றார்கள். அதற்குத் தேர்தலோ வேட்பாளரோ தேவைப்படவில்லை. ஆனால் பின்னாளில் வேட்பாளர்களுக்குப் பின்னால் நின்ற ஊர் இப்படித்தான் உருவாகிக்கொண்டிருந்தது.

அமைப்பு முதலில், வேட்பாளர் பிறகு

2003 வாக்கில் ரிச்மண்ட் முற்போக்குக் கூட்டணி என்ற அமைப்பு தொடங்கியது. பசுமைக் கட்சிக்காரர்கள், ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள், எந்தக் கட்சியும் சாராதவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கலிபோர்னியாவில் நகர மன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரோ சின்னமோ கிடையாது. அதனால் இப்படி ஒரு கலப்பு அணி சாத்தியமானது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். அமைப்பின் வேட்பாளராக நிற்பவர் நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்பது அடிப்படை விதி.

அந்த விதியை ஒழுக்க விரதமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தேர்தல் நேரத்தில் அது ஒரு கூர்மையான கருவி. எதிராளிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டுமானால் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். சிறு நன்கொடைகளுக்கு நகராட்சியே ஓர் அளவு வரை ஈடுபணம் தரும் ஏற்பாடும் அங்கே இருந்தது, அதுவும் உதவியது.

2004-இல் கேயில் மெக்லாக்லின் மன்றத்துக்குத் தேர்வானார். 2006-இல் மேயர் தேர்தலில் பதவியில் இருந்தவரை 242 வாக்குகளில் வென்றார். பசுமைக் கட்சிக்காரர் ஒருவரை மேயராகக் கொண்ட ஊர்களில் அமெரிக்காவிலேயே பெரியது ரிச்மண்ட் என்று ஆனது. 2010-இல் மீண்டும் வென்றார். அந்த ஆண்டு ஜொவாங்கா பெக்கிள்ஸும் மன்றத்துக்கு வந்தார். பனாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். தன்பால் ஈர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அதற்காக மன்றக் கூட்டங்களிலேயே பார்வையாளர் பகுதியிலிருந்து வசைகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

ரிச்மண்ட் மேயரின் அதிகாரம் மிகக் குறைவு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அன்றாட நிர்வாகம் மன்றம் நியமிக்கும் நகர மேலாளரிடம் இருக்கிறது. ஏழு பேர் கொண்ட மன்றத்தில் மேயருக்கும் ஒரே ஒரு வாக்குதான். பெரும்பான்மை இல்லாத மேயர் கூட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தலாம், அவ்வளவே. வார்டும் அப்போது கிடையாது. ஊர் முழுவதும் ஒரே தொகுதி. மூன்று இடம் காலியென்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு, அதிக வாக்கு பெற்ற மூவர் உள்ளே. தெருக்காரர்களின் செல்வாக்கை மட்டும் வைத்து இதில் ஜெயிக்க முடியாது. ஊர் முழுக்கப் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிய வைப்பதில்தான் பணத்தின் பலம் இருக்கிறது.

செவ்ரானோடு மோதல் அதற்குள் தொடங்கிவிட்டது. 2008-இல் ஆலையின் மீது கூடுதல் வரி விதிக்கும் தீர்மானத்தை வாக்காளர்கள் ஏற்றார்கள். மறு ஆண்டே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இழுபறிக்குப் பிறகு 2010-இல் 15 ஆண்டுகளில் 11.4 கோடி டாலர் தருவதாகச் செவ்ரான் ஒப்புக்கொண்டது. அதே 2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் தேர்தலில் தனித்துச் செலவிட வரம்பு கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்தடுத்த தேர்தல்களில் செவ்ரானின் செலவும் ஏறியது.

தீ வென்று தரவில்லை

2012 ஆகஸ்ட் 6 மாலை ஆலையின் கச்சா எண்ணெய்ப் பிரிவில் ஒரு குழாய் உடைந்தது. 1976-இல் பொருத்திய குழாய். எண்ணெயில் உள்ள கந்தகம் அதை உள்ளிருந்தே அரித்திருந்தது. உடைந்த பகுதியின் சுவர் சராசரியாக 90 சதவீதம் கரைந்துபோயிருந்தது என்று மத்திய ரசாயனப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அந்த வகைக் குழாய்களை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் சொந்தத் தொழில்நுட்ப ஆட்களே பல ஆண்டுகளாகச் சொல்லிவந்திருந்தார்கள். 19 தொழிலாளர்கள் ஆவி மேகத்துக்குள் சிக்கி, உயிரோடு தப்பினார்கள். கரும்புகை ஊர்மேல் கவிந்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் மூச்சுத் திணறலுக்கும் கண் எரிச்சலுக்கும் மருத்துவமனைகளை நாடினார்கள். அடுத்த ஆண்டு செவ்ரான் ஆறு குற்றச்சாட்டுகளை எதிர்த்து வாதிடாமல் 20 லட்சம் டாலர் அபராதமும் இழப்பீடும் கட்டியது.

இந்தத் தீதான் 2014 வெற்றிக்குக் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தேதியைப் பாருங்கள். தீ ஆகஸ்ட் 2012-இல். மூன்றே மாதத்தில் தேர்தல். புகை நாற்றம் நினைவிலிருந்து போகாத அந்த நவம்பரில்தான் செவ்ரான் ஆதரித்தவர்கள் ஜெயித்தார்கள். ஊரின் கோபம் தானாக வாக்காக மாறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

ஏன் அப்படி நடந்தது? என் கணிப்பில் முதல் காரணம், ஊரின் பேச்சு வேறொன்றாக இருந்தது. அதே வாக்குச்சீட்டில் சர்க்கரைக் குளிர்பானங்களுக்கு அவுன்ஸுக்கு ஒரு சென்ட் வரி விதிக்கும் தீர்மானமும் இருந்தது. முன்மொழிந்தவர் மன்ற உறுப்பினரும் இதய மருத்துவருமான ஜெஃப் ரிட்டர்மேன். முற்போக்கு அணியைச் சேர்ந்தவர். குழந்தைகளின் உடல்பருமன் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் குளிர்பானத் தொழில் சுமார் 25 லட்சம் டாலர் செலவழித்து, ஏழைகளின் மளிகைச் செலவில் கை வைக்கும் வரி என்று அதை ஊரெங்கும் பரப்பியது. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அந்த வரியோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட வேட்பாளர்களும் அடி வாங்கினார்கள். ஆலையைப் பற்றி நடந்திருக்க வேண்டிய தேர்தல், சோடாவைப் பற்றிய தேர்தலாக முடிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பெரும் தொழில்களைச் சீண்டிவிட்டு, இரண்டின் பணத்தையும் தன் வேட்பாளர்கள் மீது இழுத்துக்கொண்டது அணி. இரண்டு ஆண்டு கழித்துப் பக்கத்து ஊரான பெர்க்லி இதே வகை வரியைப் பெரும் ஆதரவோடு நிறைவேற்றியது. யோசனையில் பழுதில்லை, அது வந்த இடமும் வேளையும் பொருந்தவில்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. நேட் பேட்ஸ் 1967-இலேயே மன்றத்துக்குத் தேர்வானவர். கறுப்பினத்தவருக்கு நகர மன்ற நாற்காலி எளிதில் கிடைக்காத காலத்தில் உள்ளே போனவர். தேவாலயங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் செவ்ரான் பல ஆண்டுகளாக நன்கொடை தந்துவந்தது. அந்த உறவுகள் பேட்ஸின் தலைமுறையோடு பின்னியிருந்தன. அவர்கள் பார்வையில் முற்போக்குக் கூட்டணி என்பது வெளியிலிருந்து வந்து ஊருக்குப் பாடம் எடுக்கும் வெள்ளையர் கூட்டம். அந்தக் குற்றச்சாட்டு முழு உண்மையில்லை, முழுப் பொய்யும் இல்லை. பேட்ஸுக்கு விழுந்த வாக்குகளைச் செவ்ரான் பணத்தின் விளைவு என்று மட்டும் தள்ளிவிடுவது அந்த மக்களின் நினைவை மதிக்காத செயல்.

2014: ஒருவர் விலகினார், ஒருவர் இறங்கினார்

மெக்லாக்லின் தொடர்ந்து இரு முறை மேயராக இருந்துவிட்டதால் 2014-இல் மறுபடி நிற்க விதி இடம்தரவில்லை. அவர் சாதாரண மன்ற உறுப்பினர் இடத்துக்கு நின்றார். மேயராக இருந்தவர் அடுத்த நாளே ஏழு பேரில் ஒருவராக உட்கார ஒப்புக்கொள்வது சிறிய விஷயமில்லை. அவரோடு பெக்கிள்ஸும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் எடுவார்டோ மார்ட்டினெஸும். மார்ட்டினெஸ் ஏற்கெனவே 2010-இலும் 2012-இலும் தோற்றவர். மூன்று இடம், மூன்று பேர், ஒரே துண்டறிக்கை, ஒரே பிரச்சாரம். ஒருவருக்காகக் கதவைத் தட்டியவர் மூவருக்கும் வாக்குக் கேட்டார்.

மேயர் பதவிக்கு அணி நிறுத்தியவர் மைக் பார்க்கர். கார் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர், தொழிற்சங்கவாதிகளுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர். எதிரில் செவ்ரான் ஆதரவோடு பேட்ஸ். வேட்புமனுக் காலம் முடியும் தறுவாயில் டாம் பட் களத்தில் இறங்கினார். 1995-இலிருந்து மன்றத்தில் இருக்கும் கட்டடக் கலைஞர். வியட்நாம் போரில் பணியாற்றியவர். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதில் பிடிவாதக்காரர். செவ்ரானுக்கு வளையாதவர், ஆனால் முற்போக்குக் கூட்டணிக்காரர் அல்லர். நிறைய விஷயங்களில் அவர்களோடு முரண்பட்டவர்.

இருவரும் நின்றால் வாக்கு பிரியும், பேட்ஸ் உள்ளே போவார் என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு. மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பெயர் பரப்பியிருந்த பார்க்கர் போட்டியிலிருந்து விலகினார்.

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். மக்கள் நலம் என்று சொல்லிக்கொண்டு தேர்தலில் நிற்கும் நல்லவர்கள் தோற்பதற்கு எதிராளியின் பணம் ஒரு காரணம் என்றால், அதற்கு இணையான இன்னொரு காரணம் ஒரே இடத்துக்கு இரண்டு நல்லவர்கள் நிற்பது. இருவருமே தம்மைவிட்டால் ஊருக்கு வழியில்லை என்று உண்மையாகவே நம்புவார்கள். பார்க்கரால் விலக முடிந்ததற்குத் தனிப்பட்ட பெருந்தன்மை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் தன் பெயரில் கட்டிய அமைப்பு அல்ல அது. வேட்பாளர் வருவதற்கு முன்பும் இருந்தது, போன பிறகும் இருக்கப்போகிறது. மேயர் வேட்பாளர் என்பது அங்கே ஒரு பொறுப்பு, அதை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். விலகிய பார்க்கர் மற்ற மூவருக்காகத் தொடர்ந்து உழைத்தார். அணியும் மேயர் பதவிக்கு வேறு ஆளைத் தேடவில்லை.

செவ்ரான் பணம் ஒரு பிரச்சாரக் குழு வழியாக ஊருக்குள் பாய்ந்தது. விளம்பரப் பலகைகள், தொலைக்காட்சி விளம்பரங்கள், அஞ்சல் பெட்டியில் பளபளப்பான அட்டைகள். மெக்லாக்லின் வெளிநாடு சுற்றுகிறார், ஊரைப் பார்ப்பதில்லை என்பது முக்கியத் தாக்குதல். அந்த ஆண்டு ஜனவரியில் செவ்ரான் ரிச்மண்டுக்கென்று ஒரு செய்தித் தளத்தையே தொடங்கியிருந்தது. வலுவான உள்ளூர்ப் பத்திரிகை இல்லாத ஊரில், ஊரின் மிகப் பெரிய நிறுவனமே ஊர்ச் செய்தியையும் எழுதியது. முற்போக்கு அணியின் மூவரையும் சாடினார்கள். பட் செலவழித்தது 60,000 டாலர் அளவில்.

அளவு மீறிய பணம் ஒரு கட்டத்தில் தன்னையே செய்தியாக்கிக்கொண்டது. தேசியப் பத்திரிகைகள் வந்தன. அக்டோபரில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ரிச்மண்டுக்கு வந்து கூட்டத்தில் பேசினார். ஆனால் பத்திரிகையாளர் வருவதால் ஓட்டு விழுந்துவிடாது. நிறுவனப் பணம் வேண்டாம் என்று பத்து ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்த அணிக்கு, அந்த அட்டைகள் ஒவ்வொன்றும் தன் வாதத்துக்கான சாட்சியாக வாய்த்தன. அஞ்சல் பெட்டியில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்து, இதற்கு யார் காசு கொடுத்தது என்று வாசலில் நின்று கேட்கலாம். புதிதாக முளைத்த அணியாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி எடுபட்டிருக்காது.

2014-இல் சோடா வரி போல இன்னொரு சண்டை வாக்குச்சீட்டில் இல்லை. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு, வாக்குப்பதிவு குறைவு. வீட்டுக்குப் போய் அழைத்துவரும் அணிக்கு அது அனுகூலம். நகரின் நிலையும் மாறியிருந்தது. காவல்துறைத் தலைவர் கிறிஸ் மேக்னஸ் தெருக்காவலர்களை ஒரே பகுதியில் நிலையாக வைத்து மக்களோடு பழகவைத்தார். 2007-இல் தொடங்கிய அக்கம்பக்கப் பாதுகாப்பு அலுவலகம், துப்பாக்கி எடுக்கும் ஆபத்து அதிகமுள்ள இளைஞர்களைத் தேடிப் போய் வழிகாட்டியது. 2014-இல் கொலைகள் 11-ஆகக் குறைந்தன. இந்த அணி ஊரை நாசமாக்கிவிட்டது என்ற பிரச்சாரத்தைத் தெருவில் நடந்துபோகிற யாரும் தானே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

முடிவில் பட் சுமார் 51 சதவீதம், பேட்ஸ் சுமார் 35 சதவீதம். மெக்லாக்லின், பெக்கிள்ஸ், மார்ட்டினெஸ் மூவரும் மூன்று இடங்களையும் பிடித்தார்கள்.

பிறகு

வென்றவர்கள் சீக்கிரமே தங்களுக்குள் மோதினார்கள். வாடகை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கட்டுப்படியாகாதவர்கள் ஓக்லண்டுக்கும், அங்கிருந்து ரிச்மண்டுக்கும் வந்தார்கள். ரிச்மண்ட்காரர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். 2015-இல் மன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. வீட்டு உரிமையாளர்கள் சங்கம் கையெழுத்து வாங்கி அதை நிறுத்தியது. 2016-இல் நேரடியாக மக்கள் வாக்குக்கு விட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்டப் பேர் ஆதரித்தார்கள். மேயர் பட் கடைசி வரை எதிர்த்தார். அந்தத் தேர்தலில் மெல்வின் வில்லிஸ் என்ற 26 வயதுக் கறுப்பின இளைஞர் மன்றத்துக்கு வந்தார். வாடகைதாரர்களை அமைப்பாக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பென் சோயும் வென்று, ஏழில் ஐந்து இடம் முற்போக்கு அணியிடம் வந்தது. 2018-இல் அதே வில்லிஸ் மேயர் பதவிக்கு டாம் பட்டை எதிர்த்து நின்று தோற்றார். 2014-இல் பார்க்கர் விலகி வெல்ல வைத்தவரையே நான்கு ஆண்டில் அணி எதிர்க்க வேண்டியிருந்தது. அந்த விலகல் வீண் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். அப்போதைய ஆபத்துக்கு அது சரியான விடை. வாடகை என்ற கேள்வி வந்தபோது பட்டும் அணியும் வேறு வேறு பக்கம் நின்றார்கள்.

2020-இலிருந்து வார்டு முறை வந்தது. அந்த ஆண்டு மெக்லாக்லின், வில்லிஸ், கிளாடியா ஹிமெனெஸ் மூவரும் தத்தம் வார்டில் வென்றார்கள். ஒரு வார்டைத் துண்டறிக்கையோடு நடந்தே முடித்துவிடலாம் என்பதால் பணத்தின் பிடி சற்றுத் தளர்கிறது. ஆனால் 2014-இல் மூவரையும் ஒரே அணியாக ஊர் முழுக்கக் கொண்டுபோன பலமும் அதில் கரைகிறது. 2022-இல் ஒரு வார்டில் இரு வேட்பாளர்களும் சரிசமமாக வாக்கு வாங்க, சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மேயரானவர் இரண்டு முறை தோற்று 2014-இல் உள்ளே வந்த எடுவார்டோ மார்ட்டினெஸ்.

2024 ஜூனில் மன்றம் ஒரு முடிவெடுத்தது: ஆலை சுத்திகரிக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு டாலர் வரி, நவம்பரில் மக்கள் வாக்குக்கு. செவ்ரான் பேச்சுவார்த்தைக்கு வந்தது. ஆகஸ்டில் பத்து ஆண்டுகளில் 55 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நகரம் வரித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. 2010-இல் 15 ஆண்டுக்கு 11.4 கோடி, 2024-இல் பத்து ஆண்டுக்கு 55 கோடி. மன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதன் விலையை இந்த இரண்டு எண்களில் ஓரளவு படிக்கலாம்.

அதேசமயம் மக்கள் வாக்குக்குப் போக வேண்டிய கேள்வி பேச்சுவார்த்தை மேசையிலேயே முடிந்தது. அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. 2008-இல் மக்கள் ஆதரவோடு வென்ற வரி நீதிமன்றத்தில் விழுந்ததை நினைத்தால், கைக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டது புரிகிறது. பணம் 2025 ஜூலையிலிருந்து 2035 வரை வரும். அதுவரை ரிச்மண்டின் வரவு செலவுத் திட்டம் அந்த ஆலையின் மீது முன்னைவிடக் கூடுதலாகவே சாய்ந்திருக்கும். பெட்ரோல் விற்பனை குறைந்து, கலிபோர்னியாவின் சுத்திகரிப்பு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும் திட்டத்தை அறிவிக்கிற காலம் இது. ஆலை இல்லாத ரிச்மண்டுக்கு வருவாய் எங்கிருந்து வரும், அங்கே வேலை பார்ப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இந்த அணியிடம் இன்னும் முழு விடை இல்லை. அடுத்து வரும் மன்றங்கள் இந்தப் பத்து ஆண்டுக்குள் செய்ய வேண்டிய வேலை அது.